காற்று சரியில்லாத நாளில் ஓடலாமா? கிருஷ்ணகிரி, தருமபுரி ஓட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விடியற்காலை ஐந்து மணிக்கு பைபாஸ் பக்கம் போனால் தெரியும், இரண்டு மாவட்டத்திலும் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று. போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள், ராணுவத்துக்கு ஆசைப்படுகிறவர்கள், சர்க்கரை கூடியதால் டாக்டர் சொல்லி ஓட ஆரம்பித்தவர்கள், மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிற ஓசூர் கம்பெனி ஊழியர்கள் எல்லாரும் அதில் உண்டு. காற்றைப் பற்றி இவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஓட்டத்தை விட்டுவிடச் சொல்வது என் நோக்கம் இல்லை. எந்த நேரம், எந்தத் தடம், எவ்வளவு வேகம் என்ற மூன்றையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் நெஞ்சுக்குள் போகும் புகையில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

நம்ம ஊர் என்ன டெல்லியா? இங்கே எதற்கு இந்தக் கவலை?

டெல்லி இல்லைதான். அங்கே நவம்பரில் ஊரையே மூடுகிற புகை இங்கே வருவதில்லை. நம்மிடம் உள்ள அழுக்கு இடத்துக்கு இடம், மணிக்கு மணி மாறுகிறது. சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலையும் சேலத்திலிருந்து வரும் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில்தான் சேர்ந்து பெங்களூருக்குப் போகின்றன. இரவெல்லாம் லாரி ஓய்வதில்லை. ஓசூரில் சிப்காட் இருக்கிறது. கிரானைட் குவாரி, ஜல்லி கிரஷர், செங்கல் சூளை எல்லாம் இரண்டு மாவட்டத்திலும் உண்டு. இதோடு தெருமுனையில் எரிகிற குப்பையையும் வெந்நீர் அடுப்புப் புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரின் சராசரிக் காற்று நன்றாக இருக்கிற அன்றைக்கே நீங்கள் ஓடுகிற இரண்டு கிலோமீட்டரில் மோசமாக இருக்கலாம்.

சும்மா நடந்து போகிறவருக்கு இல்லாத ஆபத்து ஓடுகிறவருக்கு மட்டும் ஏன்?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறோம். வேகமாக ஓடும்போது அது 60 லிட்டரைத் தாண்டும். அதே காற்றுதான், ஆனால் பத்து மடங்கு. இன்னொன்று, வேகம் கூடியதும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மூக்கில் இருக்கிற முடியும் ஈரமும் பெரிய தூசியைப் பிடித்து நிறுத்தும். வாயில் அந்தக் காவல் கிடையாது.

ரொம்ப நுண்ணிய துகளை மூக்கும் தடுக்காது. பிஎம் 2.5 என்று சொல்வது 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான துகளை. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான் என்றால், அது எவ்வளவு சிறியது என்று பாருங்கள். நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய், அதில் ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கிறது. அதனால்தான் காற்று கெட்டுப்போன நாட்களில் மூச்சுத் தொல்லையோடு மாரடைப்பும் கூடுகிறது.

காற்றின் தரத்தை எங்கே பார்ப்பது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலி இலவசம். அதன் பட்டியலில் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அளக்கும் நிலையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போனில் வானிலையோடு சேர்ந்து வருகிற எண் பல சமயம் செயற்கைக்கோள் தகவலையும் கணினிக் கணக்கையும் வைத்துச் சொல்கிற மதிப்பீடு. உங்கள் தெருவில் எரிகிற குப்பை அதற்குத் தெரியாது.

இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் (ஏக்யூஐ) துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரியைத்தான் எடுக்கிறார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேற்று மதியம் காற்று நன்றாக அடித்திருந்தால், இன்று விடியற்காலைப் புகை அந்தச் சராசரியில் அமுங்கிப்போகும். செயலியில் மணிவாரியான அளவு காட்டினால் அதையே பாருங்கள்.

ஒரு செயலியில் 92, இன்னொன்றில் 150. எதை நம்புவது?

இரண்டும் சரியாக இருக்கலாம். அளவுகோல்தான் வேறு. பிஎம் 2.5 ஒரு கன மீட்டருக்கு 55 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் கணக்கில் குறியீடு சுமார் 92, அதாவது ‘திருப்தி’. அமெரிக்கக் கணக்கில் அதுவே 150-ஐ நெருங்கும், அதாவது நுரையீரல், இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாத காற்று. வெளிநாட்டுச் செயலிகள் பெரும்பாலும் அமெரிக்க அளவுகோலில் காட்டுகின்றன.

குழப்பமே வேண்டாம் என்றால் குறியீட்டை விட்டுவிட்டு பிஎம் 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்று பாருங்கள். ஒரு நாளுக்கு இந்திய வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15. நான் 60-ஐ ஓட்டத்தைக் குறைக்க வேண்டிய எல்லையாகத்தான் பார்ப்பேன். அதற்குக் கீழே இருந்தால் எல்லாம் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அப்போ எந்த எண்ணில் ஓடலாம், எதில் நிறுத்த வேண்டும்?

இந்தியக் குறியீட்டை வைத்துச் சொல்கிறேன். 100 வரை வழக்கம்போல ஓடுங்கள். 100-க்கு மேல் போனால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் நடையாக மாற்றிக்கொள்ளட்டும். மற்றவர்கள் கொஞ்சம் குறைத்து ஓடலாம். 150-ஐத் தாண்டினால் வேக ரவுண்டும் மலையேற்றமும் வேண்டாம். அரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம், அதோடு முடித்துக்கொள்ளுங்கள். 200-க்கு மேல் யாரும் வெளியே ஓட வேண்டாம். 300-க்கு மேல் வேக நடைகூட வேண்டாம். இந்த இடைப்பட்ட எல்லைகள் என் தீர்ப்பு. உங்கள் மருத்துவர் இன்னும் குறைவாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

எண்ணே கிடைக்காத கிராமத்தில் எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணும் மூக்கும் போதும். தினமும் பார்க்கிற ஒரு மலையை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கோட்டை மலை இருக்கிறது. தருமபுரி பக்கம் வத்தல்மலை. வெயில் வந்த பிறகும் அதன் விளிம்பு மங்கலாகவே தெரிந்தால் காற்றில் துகள் அதிகம். தெருவிளக்கைச் சுற்றிப் புகைப்படலம் நிற்கிறதா, பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறதா, தொண்டை கரகரக்கிறதா என்று பாருங்கள். வாடை வந்தால் எண் என்ன சொன்னாலும் வேறு பக்கம் திரும்பிவிடுங்கள்.

இன்னொரு சோதனை இலை. ஓடும் தடத்தின் ஓரத்தில் இருக்கிற மாமரத்தில், கை எட்டுகிற உயரத்தில் ஒரு இலையை விரலால் தேய்த்துப் பாருங்கள். குவாரிக்குப் போகும் மண் ரோட்டில் இலையின் பச்சை நிறமே தெரியாது. விரல் போன தடம் மட்டும் கோடாகப் பச்சையாய்த் தெரியும், விரல் நுனியில் மாவு மாதிரி வெள்ளை ஒட்டியிருக்கும். மழை பெய்து நாலைந்து நாளிலேயே இலை அப்படி ஆகிறது என்றால் அந்த ரோடு ஓடுவதற்கு ஆகாது.

அதிகாலைக் காற்றுதான் சுத்தம் என்று தாத்தா காலத்திலிருந்து சொல்கிறார்களே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

மார்கழி, தை மாதங்களில் இரவு வானம் தெளிவாக இருக்கும். தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். அதற்கு மேலே இருக்கிற காற்று அதைவிடச் சூடாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, மேலே எழும்பாது. மூடி போட்ட பாத்திரம் மாதிரி, இரவெல்லாம் லாரி விட்ட புகையும், ஐந்து மணிக்குப் பற்ற வைத்த வெந்நீர் அடுப்பின் புகையும், துப்புரவு முடித்துக் கொளுத்திய சருகின் புகையும் தரைமட்டத்திலேயே அடைபட்டுக் கிடக்கும். சுற்றிலும் மலையும் குன்றும் இருக்கிற ஊர்களில் காற்று அசைவும் குறைவு. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான், எட்டரை ஒன்பது மணி வாக்கில், அந்த அடைப்பு உடையும். ஆக, ஜில்லென்று இருக்கிற ஐந்தரை மணிக் காற்றுதான் அந்த மாதங்களில் பல நாள் மோசமான காற்று.

அதனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை முடிந்தவர்கள் மாலை நாலு மணியிலிருந்து ஐந்தரைக்குள் ஓடுங்கள். ஆறரைக்கு மேல் திரும்பவும் வண்டி நெரிசலும் அடுப்புப் புகையும் சேர்ந்துவிடும். காலையில்தான் முடியும் என்பவர்கள் விடுமுறை நாளில் எட்டரை ஒன்பது மணிக்கு மேல் நீண்ட ஓட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாட்களில் தூரத்தைக் குறைத்து, ஊருக்கு வெளியே வயல்காட்டுப் பக்கம் போய்விடுங்கள்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் கணக்கு தலைகீழ். வண்டிப்புகையில் உள்ள வாயுக்களும் கடும் வெயிலும் சேர்ந்து மதியத்தில் தரைமட்ட ஓசோன் உருவாகிறது. கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சில் எரிச்சல் தரும். வெயிலின் ஆபத்து தனி. அந்த மாதங்களில் ஏழு மணிக்குள் ஓடி முடிப்பதுதான் சரி.

ஆடியில் காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடும். அம்மியும் பறக்கும் காற்றில் மண் பறக்காமல் இருக்குமா? புழுதி ரோடு வேண்டாம், தார் ரோடும் புல்தரையும் பரவாயில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, எந்த மாதமானாலும், ஓட நல்ல நேரம்.

மார்கழிப் பனியில் ஓடினால் கெடுதலா?

வெறும் பனிமூட்டம் தண்ணீர்த் துளிதான். அதில் கெடுதல் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்திலும் ஊருக்குள்ளும் அந்தத் துளியில் புகையும் சேர்ந்துகொள்ளும். நிறம் கொஞ்சம் மஞ்சளாக, வாடையோடு இருந்தால் அது பனி மட்டும் இல்லை. ஓசூர், தளி பக்கம் மூட்டம் அடர்த்தியாக இருக்கிற நாளில் காற்றைவிட, உங்களைப் பார்க்க முடியாத லாரிதான் பெரிய ஆபத்து. ரோட்டில் இறங்காதீர்கள்.

போலீஸ் தேர்வுக்கு பைபாஸ் சர்வீஸ் ரோட்டில்தான் பயிற்சி எடுக்கிறோம். வேறு இடம் இல்லையே?

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆண்களுக்கு 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். சமமான தார் ரோடு, தூரம் அளக்கக் கல், வெளிச்சம் எல்லாம் பைபாஸில்தான் இருக்கிறது. ஆனால் டீசல் புகையை மிக அதிகமாக இழுக்கிற இடமும் அதுதான். புகை மட்டும் இல்லை, பிரேக்கும் டயரும் தேய்ந்து வருகிற தூளும் அந்தக் காற்றில் உண்டு. தொப்பூர் கணவாயில் ஏறுகிற லாரி புகையைக் கக்கும், இறங்குகிற லாரி பிரேக்கை உரசிக்கொண்டே வரும். டோல்கேட் பக்கம் நின்று நின்று கிளம்புகிற வண்டிகளால் அதே நிலைமை.

நல்ல செய்தி என்னவென்றால், பெரிய சாலையிலிருந்து 150, 200 மீட்டர் தள்ளிப்போனாலே புகை வெகுவாகக் குறைந்துவிடும். ஊருக்குள் போகிற கிளை ரோட்டில் இரண்டு நிமிடம் உள்ளே நடந்து, அங்கே ஓடத் தொடங்குங்கள். காற்று வரும் திசையையும் பாருங்கள். கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே நெடுஞ்சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகிறது. ஆடியில் மேல்காற்று, அதனால் சாலைக்கு மேற்கே ஓடினால் புகை உங்கள் பக்கம் வராது. மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், அப்போது கிழக்குப் பக்கம் நல்லது. கொஞ்சம் மண்ணை அள்ளி விட்டுப் பார்த்தாலே திசை தெரிந்துவிடும்.

வேக ரவுண்டு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். அதை மட்டுமாவது மாவட்ட விளையாட்டரங்கத்திலோ அரசுக் கல்லூரி மைதானத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு முழுக்கக் காற்று வாங்குகிற வேலை அது. ஐந்து பேராகச் சேர்ந்து போய் மைதானப் பொறுப்பாளரிடம் கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். நிதான ஓட்டத்துக்கு கே.ஆர்.பி. அணைப் பக்கம், ஏரிக்கரை, மாந்தோப்பு நடுவே போகிற ரோடு எல்லாம் உண்டு. மாந்தோப்பில் மருந்து அடிக்கிற நாளில் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம்.

வீட்டுப் பக்கத்தில் கிரஷர் இருக்கிறது. அந்த வழியாக ஓடலாமா?

வேண்டாம். கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற கனிமம் இருக்கிறது. கல்லை உடைத்து அரைக்கும்போது அது சிலிக்கா தூளாக மாறும். ஆண்டுக்கணக்கில் அதை மூச்சில் இழுத்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. எப்போதாவது அந்த வழியே ஓடுகிறவருக்கு அந்த நோய் வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. தினமும் ஓடும் தடமாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது. கல் ஏற்றிய லாரி போய்வருகிற மண் ரோடும் அப்படித்தான். ஞாயிறு மெஷின் ஓடாவிட்டாலும், படிந்த தூசி காலடியிலேயே எழும்பும்.

நானே குவாரியில் வேலை செய்கிறேன். மாலையில் ஓடலாமா?

ஓடலாம், ஆனால் முதலில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். என்ன வேலை, எத்தனை வருடம் என்று அவரிடம் சொல்லுங்கள். நாள் முழுக்க வேலையில் இழுக்கிற தூசிதான் உங்களுக்குப் பெரிய விஷயம். துளை போடும்போது தண்ணீர் விடுவது, முகத்தில் சரியாகப் பொருந்துகிற என்95 முகக்கவசம் போடுவது இரண்டையும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. முன்பு ஏறிய அதே மேட்டில் இப்போது மூச்சு வாங்குகிறது, இருமல் இரண்டு வாரமாக நிற்கவில்லை என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே பாருங்கள். சிலிக்கா தூசியில் இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

மாஸ்க் போட்டு ஓடலாமா?

துணி மாஸ்க், கர்ச்சீப், பச்சை நிற சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் நுண்துகளைச் சரியாகத் தடுக்காது. பக்கவாட்டு இடைவெளி வழியாகவே காற்று உள்ளே வந்துவிடும். என்95 சரியாகப் பொருந்தினால் நுண்துகளில் 95 சதவீதமாவது நிற்கும், வாயு நிற்காது. ஓடும்போது வியர்வையில் நனைந்து மூச்சு இழுப்பதே கஷ்டமாகும். என்95 போட்டு நடக்கலாம், மெதுவாக ஓடலாம். அதைப் போட்டுக்கொண்டு வேக ரவுண்டு ஓட வேண்டிய அளவுக்குக் காற்று மோசம் என்றால், அன்று ஓடாமல் இருப்பதே மேல். மைதானத்துக்கு பைக்கில் போகிற வழியில் போடுங்கள், அங்கே அது நன்றாகவே பயன்படும்.

எனக்கு வீசிங் உண்டு. ஓடவே கூடாதா?

ஓடலாம். கட்டுக்குள் இருக்கிற ஆஸ்துமாவோடு நிறையப் பேர் நன்றாக ஓடுகிறார்கள். மருத்துவர் கொடுத்த தினசரி இன்ஹேலரை விடாதீர்கள். உடனடி நிவாரண இன்ஹேலர் பையில் இருக்கட்டும், வண்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். பத்து பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்து உடலைச் சூடாக்கிவிட்டு ஓடுங்கள். குளிர்ந்த காற்று, புகை இரண்டும் சேர்கிற மார்கழி விடியல் உங்களுக்கு ஆகாது. துணைக்கு ஒருவர் இருப்பது நல்லது, அவருக்கு இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள்?

பிள்ளைகள் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்று இழுக்கிறார்கள், நுரையீரலும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. குறியீடு 100-ஐத் தாண்டிய நாளில் பள்ளியில் ஓட்டப் பயிற்சியை மாலைக்கு மாற்றலாம், பி.டி. ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள். கர்ப்பிணிகளும் அறுபது தாண்டியவர்களும் அந்த நாட்களில் ஓடாமல் நல்ல இடத்தில் நடந்தால் போதும்.

தீபாவளி, போகி அன்று?

தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் வெடிக்க அனுமதி. நடைமுறையில் அதோடு நிற்பதில்லை. அன்றும் மறுநாள் காலையும் ஓட்டத்துக்கு விடுமுறை கொடுங்கள். மழை வந்தால் மறுநாளே சரியாகிவிடும். போகி விடியலில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிறது, அதுவும் காற்று தரையோடு அடைந்து கிடக்கிற மாதத்தில். அன்று காலை வெளியே ஓடவே வேண்டாம்.

ஓடாத நாளில் வீட்டுக்குள் என்ன செய்வது? பழக்கம் விட்டுப்போகாதா?

நாலைந்து நாள் ஓடாததால் உடல்திறன் குறைந்துவிடாது. இரண்டு வாரத்தை நெருங்கும்போதுதான் குறையத் தொடங்கும். கயிறு தாண்டுவது, தண்டால், பஸ்கி, மாடிப்படி ஏறுவது எதையும் செய்யலாம். ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே இருப்பதும் வெளிக்காற்றுதான். அந்த ஒரு மணி நேரம் சாத்திவிடுங்கள். கொசுவர்த்திச் சுருளும் ஊதுபத்தியும் எரிகிற அறையில் பயிற்சி செய்தால் வெளியே ஓடியிருப்பதே தேவலை என்று ஆகிவிடும்.

ஓடி வந்து வெல்லம் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடுமாமே?

தூசி வேலை செய்கிறவர்கள் எல்லாருமே இதைச் சொல்வார்கள். சாப்பிடுவது உணவுக்குழாய் வழியே வயிற்றுக்குப் போகிறது, தூசி இருப்பது நுரையீரலில். வெல்லமும் வாழைப்பழமும் அங்கே போய்க் கழுவாது. ஓடிய களைப்புக்கு வெல்லம் நல்லது, சர்க்கரை நோய் இல்லாதவர்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள். தண்ணீர் குடியுங்கள், முகம் கழுவி மூக்கைச் சிந்துங்கள், உடையை மாற்றுங்கள். அவ்வளவுதான் செய்ய முடியும்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, தலைசுற்றல், ஓட்டத்தை நிறுத்தியும் அடங்காத மூச்சுத் திணறல், வழக்கத்துக்கு மாறான படபடப்பு. இதில் ஒன்று வந்தாலும் நின்று உட்காருங்கள். பத்து நிமிடம் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவே கூடாது. இருமலும் தொண்டைக் கரகரப்பும் மட்டும் என்றால் அன்றைய ஓட்டத்தை அதோடு விடுங்கள். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

நாங்கள் ஓடும் ஏரிக்கரையில் தினமும் குப்பை எரிக்கிறார்கள். யாரிடம் சொல்வது?

திறந்தவெளியில் குப்பை எரிப்பது சட்டப்படி தவறு. முதலில் ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். சருகைக் கொளுத்துகிற துப்புரவுப் பணியாளரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், குப்பையை எடுத்துப் போக வண்டி வராததால்தான் பல இடத்தில் அவர்கள் கொளுத்துகிறார்கள். வண்டி வர வேண்டும் என்றே கேளுங்கள். நடக்காவிட்டால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். இடம், எரிக்கிற நேரம், எத்தனை நாளாக நடக்கிறது என்பதை எழுதி, தேதி தெரிகிற போட்டோ இரண்டு சேர்த்து, உங்களோடு ஓடுகிற எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள். மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள்.